அம்ரைனின் மண்டபமும் என் செருப்பு ஸ்டாண்டும்

“அக்கா, நாங்க ஒரு சர்ச் வாங்கிட்டோம்” என்று என் தம்பி செந்தில் டெக்சாஸிலிருந்து போன் செய்தபோது, நான் கோவையில் மாணவர்களின் வரைபடங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். படிக்கட்டே இல்லாமல் மாடி வீடு வரைந்திருந்தான் ஒருவன். அந்த எரிச்சலில் தம்பி சொன்னது முதலில் காதில் ஏறவே இல்லை.

விஷயம் இதுதான். டல்லஸ் பக்கத்தில் காப்பெல் என்ற ஊரில் நம் ஊர்க் கம்ப்யூட்டர் குடும்பங்கள் சேர்ந்து கோயிலுக்கு இடம் தேடியிருக்கிறார்கள். மூடிக் கிடந்த ஒரு சர்ச் விலைக்கு வந்ததும் வாங்கிவிட்டார்கள். வாங்கி முடித்த பிறகு, நம்மவர்கள் வழக்கப்படி, இது ஆகுமா ஆகாதா என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்தச் சர்ச்சின் பழைய வரைபடம் ஃபேக்ஸில் கோவைக்கு ஒரு வாஸ்து நிபுணரிடம் வந்தது. தென்மேற்கு மூலையில் வாசல், குடியிருக்கவே லாயக்கில்லை, இடித்துவிட்டுக் கட்டுங்கள் என்று அவர் அதே தாளில் தீர்ப்பு எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்.

“புதுசா கட்டறதுக்கு நீதான்க்கா டிசைன் பண்ணணும். கமிட்டில எல்லாரும் ஓகே சொல்லிட்டாங்க” என்றான் செந்தில்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டடக் கலை சொல்லிக்கொடுத்தே காலம் போனவள் நான். சொந்தமாகக் கட்டியது என்று பார்த்தால் சில வீடுகள், ஒரு கல்யாண மண்டபம். அந்த மண்டபத்திலும் முதலாளி தன் இஷ்டத்துக்கு நாலு யானைகளை வைத்துவிட்டார். இப்போது அமெரிக்காவில் ஒரு கோயில்! சரி என்று சொல்லி வைத்தேன்.

அடுத்த வாரம் தபாலில் அந்தச் சர்ச்சின் புகைப்படம் வந்தது. பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அது ஹான்ஸ் அம்ரைன் கட்டியது. அம்ரைன் சுவிட்சர்லாந்திலிருந்து அமெரிக்கா போன கட்டடக் கலைஞர். அலங்காரம் எதுவும் வேண்டாம், சுவரும் வெளிச்சமும் போதும் என்று கட்டிய நவீனர்களில் ஒருவர். பெரிய பெயர் வாங்கியவர் அல்ல. ஆனால் அந்தச் சர்ச் மண்டபத்தின் படத்தை நான் வருடா வருடம் வகுப்பில் ஸ்லைடாகப் போட்டுக் காட்டி, “இதைப் பாருங்கடா” என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

இடிக்கப் போகிறவன் என் தம்பி. இடித்த இடத்தில் கட்டப் போகிறவள் நான்.

முடியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். போகிற வழியில் அம்ரைனின் வேறு இரண்டு கட்டடங்களையும் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, மே மாத விடுமுறையில் விமானம் ஏறினேன். பேராசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில், சித்தி மகள் மீனா வீட்டில் இறங்கினேன். மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் ஃப்ரீசரைத் திறந்தால் அடுக்கடுக்காகத் தயிர் டப்பாக்கள். ஒன்றில் சாம்பார், ஒன்றில் தேங்காய்த் துருவல், இன்னொன்றில் எப்போதோ அரைத்த இட்லி மாவு. தயிர் மட்டும் எதிலும் இல்லை. “அக்கா, எது வேணுமோ மைக்ரோவேவ்ல வெச்சுக்குங்க. நான் டேகேர்ல போய் குழந்தைய பிக்கப் பண்ணிட்டு வந்துடறேன்” என்று ஓடினாள். நான் சாம்பார் என்று நினைத்துச் சூடு பண்ணியது பாயசமாக இருந்தது. அதையே சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் அம்ரைனின் மனைவி மார்த்தா என்னை அழைத்துப் போகத் தானே கார் ஓட்டிக்கொண்டு வந்தார். எண்பதைத் தாண்டியவர். முன்பே கடிதம் போட்டிருந்தேன். ஃப்ரீவேயில் அவர் மாட்டுவண்டி வேகத்தில் போக, பின்னால் வந்த லாரிகள் எல்லாம் ஹார்ன் அடித்தன. “அவசரம் இருந்தால் மேலே பறந்து போகட்டும்” என்றார். இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தவறவிட்டதும் சாவகாசமாக ஓரத்தில் ரிவர்ஸ் எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு முருகனை அழைத்தேன். நம் ஊர் மினி பஸ்ஸில்கூட நான் இப்படிப் பயந்ததில்லை.

மரங்களுக்கு நடுவே அம்ரைன் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட வீடு. வாசலில் குனிந்துதான் போக வேண்டும். உள்ளே நாலு எட்டு வைத்ததும் அறை முழுக்க வெயில். மார்த்தா உருளைக்கிழங்கைத் துருவி, வாணலியில் கனமான அடை போலத் தட்டி, சீஸோடு கொடுத்தார். உப்பைத் தவிர அதில் ஒன்றுமில்லை. என் கைப்பையில் எப்போதும் வறுத்த மோர் மிளகாய் உண்டு. ஒன்றைக் கடித்துக்கொண்டேன். அவரும் ஒன்று கேட்டார். கண்ணில் தண்ணீர் வழிய, சிரித்துக்கொண்டே இன்னொன்று எடுத்தார். அதற்குப் பிறகு நாங்கள் சிநேகிதிகள் ஆகிவிட்டோம்.

அம்ரைனின் கதையை அவர் சொல்லக் கேட்டேன். மலைகளுக்கு நடுவே இடுக்கான பள்ளத்தாக்கில் பிறந்தவர். அப்பாவுக்குப் பாலாடைக்கட்டி செய்கிற தொழில். குளிர்காலம் வந்துவிட்டால் மாதக்கணக்கில் சூரியன் மலைக்குப் பின்னாலேயே போய்விடும். திரும்பி வருகிற அன்று, நோயில் கிடந்த அம்மாவை நாற்காலியோடு தூக்கி அப்பா வெளியே வைப்பாராம். கொஞ்ச நேரம்தான் வெயில் இருக்கும். அது சுவரில் எதுவரை வந்தது என்று பையன் கரித்துண்டால் கோடு போட்டு வைப்பான்.

“அந்தக் கோடுகள்தான் அவருடைய முதல் வரைபடம்” என்றார் மார்த்தா.

ஜூரிச்சில் படிப்பு. ஒரு பெரிய கலைஞரின் அலுவலகத்தில் வேலை. படுக்கையறைகளை எல்லாம் வெயிலே படாத பக்கத்தில் வைத்ததற்காக அந்தப் பெரியவரோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறினார். போர்க்காலத்தில் எல்லைக் காவல். போர் முடிந்ததும் நியூ ஜெர்சியில் வாத்தியார் வேலைக்குக் கப்பலேறினார். அவர் ஆங்கிலம் மாணவர்களுக்குப் புரியாது, பலகையில் வரைந்தால் புரியும். சில வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், டெக்சாஸில் அந்தச் சர்ச், வயதான பிறகு கலிஃபோர்னியாவில் ஓர் அலுவலகம். கட்டியதில் பாதி அவர் இருக்கும்போதே இடிபட்டுவிட்டது. பள்ளிக்கூடத்தை இடித்த அன்று போய் நாள் முழுக்க நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டாராம்.

“எனக்கு அந்த தைரியம் கிடையாது. அவர் போன பிறகு எதையும் இடிக்கிறதை நான் பார்க்கவில்லை” என்றார் மார்த்தா.

அவர் வரைந்த பலகை ஜன்னலோரம் அப்படியே இருந்தது. எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் மேலே ஒரு சின்ன வட்டம் போடுவாராம். அது சூரியன். அதற்குப் பிறகுதான் கதவு, சுவர் எல்லாம். பக்தர்கள் பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

புறப்படும்போது மார்த்தா கேட்டார்: “அந்த டெக்சாஸ் சர்ச்சை யாரோ இந்தியர்கள் வாங்கியிருக்கிறார்களாம். இடித்துவிடுவார்களா?”

“தெரியவில்லை” என்றேன். அன்று மீனா வீட்டில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கலிஃபோர்னியாவில், சான் ரமோனில், என் பழைய மாணவன் ராஜேஷ் வீட்டில் தங்கினேன். நன்றாக வரைவான். இப்போது சாஃப்ட்வேரில் இருக்கிறான். “மேடம், இங்கயும் ஆர்க்கிடெக்சர்னுதான் சொல்றோம், ஆனா செங்கல் கிடையாது” என்று அசடு வழிந்தான். காலையில் அம்ரைனின் அலுவலகக் கட்டடத்து வாசலில் என்னை இறக்கிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டான்.

அந்தக் கட்டடத்தின் உயிரே அதன் முற்றம்தான். என் புத்தகத்திலிருந்த வரைபடத்தில் முற்றம் தாளின் மேல்பக்கம், அவர் போடும் அந்தச் சின்ன வட்டத்துக்கு அடியில் இருந்தது. மேல் என்றால் வடக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வடக்கே போனேன். கார்கள், கார்கள், மேலும் கார்கள். நடந்து போகிறவள் நான் ஒருத்திதான். சுற்றி வந்து சேர்ந்தால் வரிசையாகக் குப்பைத் தொட்டிகள். முற்றத்தை இடித்துவிட்டார்களோ என்று புத்தகத்தை மறுபடியும் பிரித்தேன்.

சந்தேகப்பட்டு வந்த செக்யூரிட்டி ஒரு பஞ்சாபிப் பெரியவர். நான் புடவையில் நின்றதால் இந்தியில் பிடித்துக்கொண்டார். என் இந்தி அரைகுறை. புத்தகத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பெஹன்ஜி, தோட்டம் அந்தப் பக்கம். குளிர்காலத்தில் எல்லாரும் வெயிலுக்கு அங்கேதான் சாப்பிட வருவார்கள்” என்றார். அங்கே கொண்டுபோயும் விட்டார். தன் டிபன் டப்பாவிலிருந்து ஒரு பராட்டாவும் ஊறுகாயும் கொடுத்தார்.

நடுப்பகல். முற்றத்துத் திண்டில் உட்கார்ந்து பராட்டாவைத் தின்றபடி என் நிழலைப் பார்த்தேன். அது கட்டடத்தை நோக்கி விழுந்திருந்தது. அந்த நாடுகளில் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்துதான் போகிறது, அதனால் நடுப்பகல் நிழல் வடக்கே விழும். அப்படியானால் முற்றம் இருப்பது தெற்கில். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தேன். எல்லாம் பொருந்தியது. மேலே இருந்த அந்தச் சின்ன வட்டம் பிள்ளையார் சுழி அல்ல. சூரியன் இருக்கிற திசை அது. உலகமே வடக்கை மேலே வைத்து வரைய, இந்த மனுஷர் தெற்கை மேலே வைத்து வரைந்திருக்கிறார்.

பராட்டா பாதியில் நின்றுவிட்டது. அப்படியானால் அந்த ஃபேக்ஸ்?

காப்பெலில் தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் காப்பிகூடக் குடிக்காமல் அந்த ஃபேக்ஸைக் கேட்டேன். “முதல்ல சாப்பிடுக்கா, அது எங்க ஓடிப்போகுது” என்று தேடி எடுத்துக் கொடுத்தான். தாளின் மேல்பக்கம் சின்ன வட்டம். கீழே இடது மூலையில் வாசல். வாஸ்து நிபுணர் நம் ஊர் வழக்கப்படி மேல்பக்கத்தை வடக்கு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். வாசல் தென்மேற்கு, ஆகாது. அந்த வட்டத்தைக் கிணறு என்று நினைத்து, “வடக்கில் கிணறு இருப்பது மட்டும் நன்று” என்று ஓரத்தில் பாராட்டுவேறு எழுதியிருந்தார். தாளைத் திருப்பினால் வாசல் வடகிழக்கு. ஈசானிய மூலை! சமையலறை அக்கினி மூலை. வாஸ்துக்காரர்கள் தவம் இருந்து கேட்டாலும் இப்படி அமையாது.

“நீங்க யாருமே திசையப் பாக்கலையா?” என்று கேட்டேன்.

“அதான் எக்ஸ்பர்ட் பாத்துட்டாரேக்கா” என்றான். காரில் ஏசி, மண்டபத்துக்குள் ஏசி. வாசலில் நின்று சூரியனைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அடுத்தவர் பார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள்.

வாஸ்துவுக்கும் எனக்கும் நெடுநாள் பகை என்பது தம்பிக்குத் தெரியும். அதனால் நான் ஃபேக்ஸை முறைத்துக்கொண்டிருந்ததை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “நான்தான் எல்லாரையும் கன்வின்ஸ் பண்ணி வாங்க வெச்சேன். இப்ப எங்க போனாலும் தலகுனிவா இருக்குது. நீ ஒரு நல்ல டிசைன் குடுத்தீன்னா நான் தப்பிச்சுக்குவேன். கல்வெட்டுல உன் பேரு வரும்க்கா” என்றான்.

கல்வெட்டு என்றதும் நான் வாயை மூடிக்கொண்டேன். தாளைத் திருப்பிக் காட்ட ஒரு நொடி போதும். காட்டினால் கோயில் என் கையை விட்டுப் போய்விடும். விமானத்தில் வரும்போதே கோயில் விமானம், மகா மண்டபம் எல்லாம் மனசுக்குள் வரைந்து முடித்திருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அந்த ஆசை பலமாக இருந்தது.

மறுநாள் தம்பி வேலைக்குப் போகிற வழியில் என்னை மண்டபத்தில் விட்டான். வெளியே அனல். உள்ளே தூண் ஒன்றுகூட இல்லை. வெறும் சுவர், மரக்கூரை, உயரத்தில் நீளமாக ஓர் இடைவெளி. அதன் வழியாக விழுந்த வெளிச்சம் சுவரில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. தரையில் உட்கார்ந்தேன். ஸ்லைடில் இருபது தடவை பார்த்தாலும் இது தெரியாது. யாரும் இல்லாத அந்த இடத்தில் யாரோ என்னை வரச்சொல்லிக் காத்திருந்த மாதிரி இருந்தது. அழுகை வந்தது, அழுதேன். நான் வரைந்து வைத்திருந்த மகா மண்டபம் இதில் கால்வாசிகூடத் தேறாது என்று எனக்கே தெரிந்தது. இதை இடித்துவிட்டு என் பெயரைக் கல்லில் வெட்டி என்ன செய்ய?

சனிக்கிழமை தம்பி வீட்டில் கமிட்டி கூடியது. அலுமினியத் தட்டுகளில் எலுமிச்சை சாதம், தயிர் சாதம், யாரோ கொண்டுவந்த பீட்சா. குழந்தைகள் பீட்சா பக்கம், பெரியவர்கள் தயிர் சாதம் பக்கம். தலைவர் நடராஜன் சென்னைக்காரர். வயதில் மூத்தவர் என்பதால் எல்லாருக்கும் அங்கிள். இடிக்கிற காண்ட்ராக்டருக்கு மறுநாளே சரி சொல்லிவிட வேண்டும் என்று அவர் ஆரம்பித்தார்.

நான் எழுந்து ஃபேக்ஸைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“மேடம், நீங்க சொல்றது இன்ட்ரஸ்டிங். பட் பிளான்னா நார்த் மேலதான் இருக்கும். இது பேசிக்” என்றார் நடராஜன் அங்கிள்.

“சார், அப்ப நேர்ல போய் நின்னு பாத்துரலாமே” என்றேன்.

“அக்கா, டிசைன் வேண்டாம்னா நேரா சொல்லிடு” என்று தம்பி காதருகில் பல்லைக் கடித்தான். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. பாவமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

ஞாயிறு காலை ஏழெட்டுக் கார்களில் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். வாசலில் நின்றவர்கள் கண் கூசிக் கையால் மறைத்துக்கொண்டார்கள். சூரியன் நேரே முகத்தில் அடித்தது. அப்போதும் அங்கிள் மசியவில்லை. “சம்மர்ல சன் கொஞ்சம் ஷிஃப்ட் ஆகும்” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்போதுதான் அவருடைய புதுக் கார் ஞாபகம் வந்தது. முந்தின நாள் என்னைக் கூட்டிப்போய்க் காட்டியிருந்தார். பின்னால் வருவதைப் பார்க்கிற அதன் கண்ணாடியிலேயே திசை காட்டுகிற வசதி இருப்பதை இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

“சார், உங்க காரை வாசலுக்கு முதுகு காட்டி நிறுத்துங்க. கார் என்ன சொல்லுதோ அதை ஒத்துக்கறேன்” என்றேன்.

தன் கார் மீது அவருக்கு இருந்த நம்பிக்கை வாஸ்து மீதுகூட இல்லை. கொண்டுவந்து நிறுத்தினார். எல்லாரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். கண்ணாடியில் பச்சை எழுத்தில் வடகிழக்கு என்று வந்தது. அவர் காரைக் கொஞ்சம் முன்னே எடுத்து, பின்னே எடுத்து, மறுபடியும் பார்த்தார். கார் சொன்ன சொல் மாறவில்லை.

அங்கேயே ஒருவர் தன் செல்போனிலிருந்து கோவைக்கு அடித்தார். வாஸ்து நிபுணர் கொஞ்சமும் கலங்கவில்லை. “ஈசானிய வாசலுங்களா? அப்புறம் எதுக்குங்க இடிக்கோணும்? ஒரு செங்கலையும் தொட்டுறாதீங்க!” என்றார். கிணற்றைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வாஸ்து பொய் என்று இத்தனை வருடம் கத்திய நான், அதே வாஸ்துவை வைத்து ஒரு கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டு வெட்கமே இல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றேன்.

“எனக்கு அப்பவே ஒரு டவுட் இருந்துது” என்றார் நடராஜன் அங்கிள்.

செந்திலைப் பார்த்தேன். கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவன் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் என் பக்கம் வந்து, “உனக்கு ஒண்ணுமே இல்லாமப் போச்சேக்கா” என்றான்.

மார்த்தாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன், இடித்த இடத்தில் கட்ட இருந்தவள் நான்தான் என்பது உட்பட. பிறகு, “செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவீர்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “நல்லது. அவர் தரைக்குத்தான் ரொம்ப மெனக்கெட்டார். இத்தனை நாள் ஒருத்தரும் காலால் தொட்டுப் பார்த்ததில்லை” என்றார்.

கமிட்டிக்கும் என்னைச் சும்மா அனுப்ப மனசில்லை. “மேடம், ஒரு ஷூ ஸ்டாண்டு டிசைன் பண்ணிக் குடுங்களேன்” என்று கேட்டார்கள். நான் முதலில் முறைத்தேன். பிறகு உட்கார்ந்து வரைந்தேன். அம்ரைனின் சுவரைத் தொடாமல், தள்ளி, நிழல் விழுகிற மாதிரி, வயதானவர்கள் உட்கார்ந்து கழற்ற ஒரு பெஞ்சோடு. ஒரு கோயிலுக்குப் படுகிற பாட்டை அதற்குப் பட்டேன். செந்திலும் நண்பர்களும் கடையில் மரம் வாங்கிவந்து, லீவு நாளில் அவர்களே ஆணி அறைந்தார்கள். இரண்டு தட்டு கோணல். மொத்தத்தில் நன்றாகவே வந்தது. அமெரிக்காவில் நான் கட்டியது அது ஒன்றுதான்.

நான் ஊர் திரும்புவதற்கு முன் பால் காய்ச்சினார்கள். அக்கினி மூலையில் எலக்ட்ரிக் அடுப்பு. பால் பொங்க நேரமானது, பொங்கியதும் கைதட்டினார்கள். நான் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். உள்ளே நாதஸ்வர கேசட், சாம்பிராணி வாசம், குழந்தைகள் அந்தத் தரையில் சறுக்கி விளையாடுகிற சத்தம். வாசலில் நின்று என் ஸ்டாண்டைப் பார்த்தேன். ஒரு ஜோடி செருப்புகூட இல்லை. தட்டுகள் எல்லாம் துடைத்து வைத்தது போலக் காலி. அத்தனை பேரும் நேரே அம்ரைனின் வாசற்படியில், நடக்க வழியில்லாமல், ஷூவும் செருப்புமாகக் குவித்துவிட்டு உள்ளே போயிருந்தார்கள். கோபம் உச்சிக்கு ஏறியது. அடுத்த நொடி சிரிப்பு வந்துவிட்டது. நம் ஊர்க் கோயில் வாசல் மாதிரியே ஆகிவிட்டது, இனி இந்தக் கட்டடத்தை யாராலும் இடிக்க முடியாது. நானும் என் செருப்பை அந்தக் குவியல் மேலேயே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.